கீழே எழுதியிருந்த பத்தி

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘டிப்ஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது. சர்வர் அறையின் சுவரை ஒட்டிய மேசை அவருடையது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். குளிர் சுவரைத் தாண்டி வரும். வெளியே வெயில் கொளுத்தினாலும் அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் தட்டச்சு செய்வார். நான் பக்கத்து மேசை. பேருந்து நிறுவனங்களுக்குப் பயணச்சீட்டு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை.

அலுவலக வேலை போக, அக்கா இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அன்றாடம் கால் இடறும் சின்னச் சின்ன இடங்களைப் பற்றிய குறிப்புகள். அது ஆரம்பித்த விதம் வேடிக்கையானது. ஒரு சிக்கலோடு நாள் முழுக்க மல்லுக்கட்டி விடை கண்டுபிடித்திருக்கிறார். சில மாதம் கழித்து அதே சிக்கல் மறுபடி வந்தது. விடை மட்டும் மறந்துபோயிருந்தது. மறுபடியும் ஒரு நாள் போனது. அந்த எரிச்சலில்தான், தனக்கே தனக்கென்று எழுதிவைக்கத் தொடங்கினார். பிறகு யார் யாரோ வந்து படிக்க ஆரம்பித்தார்கள்.

எல்லாம் நாலைந்து வரிக் கோடுதான், கணினிக்கு எழுதும் கட்டளை வரிகள். அதைச் சுற்றி அவர் எழுதுவதில்தான் ருசி. ‘தேதியை எழுதினால் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். அப்போதுதான் கோப்புகள் தாமே வரிசையில் நிற்கும்.’ ‘அ1, அ2 என்று பெயர் வைத்துவிட்டுப் போனால், ஆறு மாதம் கழித்துப் பெற்றவளுக்கே பிள்ளை அடையாளம் தெரியாது.’ ‘கடவுச்சொல்லைக் கோடுக்குள்ளேயே எழுதுவது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது.’ ‘திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப் அல்ல. ஆசை.’

ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரே அமைப்பு. மேலே சிக்கல். நடுவில் சாம்பல் நிறப் பெட்டிக்குள் கோடு. பெட்டிக்குக் கீழே ஒரு பத்தி: இது எங்கே கடிக்கும், எப்போது கைவிடும், எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்திக்குத்தான் அவர் மெனக்கெடுவார். மூன்று முறை, நான்கு முறை திருத்துவார். ஆனால் சாம்பல் பெட்டியின் மூலையில் ‘நகலெடு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. வந்தவர்கள் அதை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

“அக்கா, நீங்க கீழ எழுதுற பத்திய யாராச்சும் படிக்கிறாங்களா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“படிக்கிறவங்க படிப்பாங்க,” என்றார். “படிக்காதவங்களுக்கு நாமளா போய் ஊட்டிவிட முடியும்?”

அவருக்கு இன்னொரு வழக்கம். கோடில் தான் வைக்கும் பெயர்களைத் தமிழில் வைப்பார், ஆங்கில எழுத்தில். அழிக்க வேண்டிய ஃபோல்டர் என்றால் kuppai. யார் எங்கே நகலெடுத்துப் போட்டாலும் அந்தப் பெயர்களைப் பார்த்தே இது டிப்ஸ் அக்காவின் கைவரிசை என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் அம்மாவும் தம்பியும். அப்பா போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அக்காவுக்கு ஒரு கல்யாணம் பேசி, நின்றுபோனது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. தம்பியை வீட்டில் ‘சின்னவன்’ என்பார்கள். அவனும் கணினி வேலைக்கே வந்தான். உடம்புக்குள் படம் எடுக்கும் ஸ்கேன் நிலையங்களுக்குச் சர்வர்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் சேர்ந்தான். அக்காவைப் பற்றி அவனுக்குத் தாங்க முடியாத பெருமை. கூட வேலை பார்க்கிறவர்களிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, “எங்கக்கா” என்பானாம். ஆனால் வேலையில் சந்தேகம் வந்தால் வீட்டில் அக்காவிடம் கேட்க மாட்டான். அக்காவின் பக்கத்தில் போய்த் தேடிக்கொள்வான். அக்கா கேட்டால், “உன்கிட்ட கேட்டா நீ முகத்தப் பாத்தே எனக்கு என்ன தெரியலன்னு கண்டுபிடிச்சுடுவ. அது பாக்காது” என்று சிரிப்பான்.

அவனிடம் ஒரு சின்ன வேலை வந்தது. ஸ்கேன் நிலையத்துச் சர்வரில் தற்காலிகக் கோப்புகள் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. தினமும் தானாக ஓடி அவற்றை அழிக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அக்காவின் பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டான்.

rm -rf "$kuppai"/*

கணினி தெரியாதவர்களுக்கும் இது புரியும். ‘குப்பை’ என்ற இடத்தில் ஒரு ஃபோல்டரின் பெயர் வந்து உட்காரும். அந்த ஃபோல்டருக்குள் இருப்பதையெல்லாம் கேள்வி கேட்காமல் அழி என்பது கட்டளை. பெயர் வந்து உட்கார்ந்தால் ஒரு வம்பும் இல்லை. ஏதோ காரணத்தால் பெயர் காலியாக வந்தால், அந்த வரியில் மிஞ்சுவது ஒரு சாய்கோடும் நட்சத்திரமும். அப்போது அதற்கு அர்த்தம், வேரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அழி என்பது.

அவன் எழுதிய ஸ்கிரிப்ட் பல மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் வேறொருவர் செட்டிங் கோப்பை மாற்றி எழுதினார். மாற்றியதில் அந்த ஃபோல்டரின் பெயர் விட்டுப்போனது. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கிரிப்ட் வழக்கம்போல ஓடியது. ஸ்கேன் படங்கள் போயின. பேக்கப் வட்டை அதே சர்வரில்தான் இணைத்துவைத்திருந்தார்கள். அதுவும் வேருக்குக் கீழேதானே. அதுவும் போயிற்று.

சின்னவன் சாயங்காலம் ஆவதற்குள்ளேயே வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. “ஒண்ணுமில்லம்மா, தலவலி” என்று போய்ப் படுத்துக்கொண்டான். அக்கா வந்ததும் விஷயத்தைச் சொன்னான். ஆனால் பாதிதான் சொன்னான். ஒரு ஸ்கிரிப்ட் தவறாக ஓடிவிட்டது, விசாரணை நடக்கும், அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“அந்த வரியக் காட்டுடா. எங்க தப்புன்னு பாப்போம்.”

“எனக்கே சரியா ஞாபகம் இல்லக்கா. நான் எழுதினதுதான். விடு.”

தான் எழுதிய வரி ஞாபகம் இல்லை என்று எந்தப் புரோகிராமரும் சொல்ல மாட்டான், அதுவும் ஊரையே அழித்த வரியை. அக்காவுக்கு அது உறுத்தியது. அவன் கண்ணைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, அவனோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் அவனுடைய பையையும் டிபன் டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்தான். சின்னவன் அப்போது கடைக்குப் போயிருந்தான். அம்மா டீ போட உள்ளே போனார். வந்தவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பேசினான்.

“அவன் மேல மட்டும் தப்பு இல்லக்கா. செட்டிங்கை யாரோ கெடுத்து வெச்சிருக்காங்க. இவன் ஏதோ ‘குப்பை’ன்னு பேர் வெச்சிருந்தான் பாருங்க, அது காலியா வந்துடுச்சு. அவ்ளோதான். அங்க சிகிச்சையில இருக்கிறவங்கதான் பாவம். கட்டி வளருதா சுருங்குதான்னு பழைய படத்தோட வெச்சுத்தானே பாப்பாங்க. இப்போ பழைய படமே இல்ல.”

டீ வந்தது. அவன் குடித்துவிட்டுப் போகும்வரை அக்கா உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் பிறகு அவரே என்னிடம் சொன்னது.

அவன் போனதும் தன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சாம்பல் பெட்டிக்குள் அந்த வரி. கீழே பத்தி. பத்தியின் மூன்றாவது வாக்கியம்: ‘பெயர் காலியாக இருந்தால் எல்லாமே போய்விடும், ஆகவே இந்த வரியை இப்படியே போடாதீர்கள், கீழே உள்ள மாதிரி எழுதுங்கள்.’ அதற்கும் கீழே பாதுகாப்பான வடிவம் இருந்தது. அடைப்புக்குறியும் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்ந்தது. பெயர் காலியாக இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். அதைப் பெட்டிக்குள் போடாமல் பத்திக்குள் போட்டிருந்தார். புதிதாகப் படிக்கிறவர்கள் அத்தனை குறிகளைப் பார்த்து மிரள்வார்களே, முதலில் எளிதாகக் காட்டுவோம் என்று நினைத்து எழுதியது.

சின்னவன் வந்ததும் கணினியை அவன் பக்கம் திருப்பிவைத்தார். அவன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கீழ எழுதியிருக்கேனேடா. படிக்கலையா?”

“படிக்கல.”

“ஏன்டா?”

“வேற யார் எழுதினதா இருந்தாலும் படிச்சிருப்பேன். நீ எழுதினதுதானேன்னு விட்டுட்டேன்.”

அவன் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அக்கா கணினியை மூடிவைத்தார்.

“ஆஃபீஸ்ல என்ன சொல்லியிருக்க?”

“நானே எழுதினேன்னு. எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. உன் பேர் இதுல வரவே கூடாது. உன்னை எத்தனை பேர் நம்பி வந்து படிக்கிறாங்க. எனக்கு ரெண்டு திட்டு விழும், வேற டீமுக்கு மாத்துவாங்க, முடிஞ்சுபோகும். நீ இதுல தலையிடாத அக்கா.”

“சரி” என்றார் அக்கா.

அந்தச் சரியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஸ்கேன் நிலையத்துக்குப் போனார். எதற்குப் போனேன் என்று தனக்கே தெரியாது என்றார். வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில், நோயாளி மாதிரி உட்கார்ந்துகொண்டார். ஓர் ஆள் மனைவியோடு வரவேற்பு மேசையின் முன் நின்றிருந்தார். சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிதாக இருந்தது. ஒரு காலத்தில் அளவாக இருந்த சட்டையாக இருக்க வேண்டும். மேசையில் இருந்த பெண் இதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்த குரலில் சொன்னாள்.

“உங்க பழைய படம் இல்லைங்க. சிஸ்டத்துல போயிடுச்சு. புதுசா எடுத்துக் குடுக்கிறோம்.”

“எடுங்கம்மா. ஆனா பழசு இல்லாம மருந்து கேட்டுச்சா கேக்கலையான்னு எப்படிச் சொல்வாங்க?”

“இதுல இருந்து பாத்துக்குவாங்க. அடுத்த தடவ வரும்போது ஒப்பிட்டுச் சொல்வாங்க.”

அந்த ஆள் தன் மனைவியைப் பார்த்தார். “அடுத்த தடவயாம்” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார், மறுபடி திறந்து மூடினார்.

அக்கா அங்கிருந்து எழுந்து நேராகத் தம்பியின் அலுவலகத்துக்குப் போனார். யாரையும் கலந்து பேசவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

தம்பியின் மேலாளர் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டார். அக்கா தன் பக்கத்தைத் திறந்து காட்டினார். “இந்த வரி நான் எழுதினது சார். ஆபத்தான வரியப் பெட்டியில போட்டு, எச்சரிக்கையக் கீழ போட்டது என் தப்பு. அவன் சின்னப் பையன், நம்பிட்டான்.”

மேலாளர் கீழே இருந்த பத்தியையும் கடைசிவரை படித்தார்.

“இணையத்துல இருக்கிறத எடுத்துப் போட்டா போட்டவங்கதான் பொறுப்பு மேடம். நீங்க யாரையும் கட்டாயப்படுத்தல. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா உங்க தம்பி ‘முழுக்க நானே எழுதினேன்’னு விசாரணையில எழுதிக் குடுத்திருக்காரே.”

அப்போதுதான் அக்காவுக்குத் தான் செய்தது உறைத்தது.

“எனக்காகச் சொன்னது சார் அது.”

“புரியுது. தப்பு நடந்ததுக்காக நாங்க அவரை அனுப்புறதா இல்ல. செட்டிங் மாத்தினவர் தப்பு இருக்கு, பேக்கப்ப அங்கயே மாட்டி வெச்ச எங்க தப்பு இருக்கு. வேற டீம்ல போடலாம்னு பேசியாச்சு. ஆனா அந்த அறிக்கை ஸ்கேன்காரங்க கைக்குப் போயிடுச்சு. அதுல பொய் இருக்குன்னு எனக்கு இப்போ தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தா, நாளைக்கு என்னைக் கேப்பாங்க.”

“நான் வரவே இல்லன்னு வெச்சுக்க முடியாதா சார்?”

அவர் தண்ணீர்க் குவளையை அக்காவின் பக்கம் நகர்த்தினார். முடியும் என்றால் சொல்லியிருப்பார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாயிற்று. சின்னவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அனுபவச் சான்றிதழ்கூடக் கிடைக்கவில்லை. விசாரணையில் தவறான தகவல் தந்ததாகக் காரணம் சொன்னார்கள். அவன் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவின் எதிரே நின்றான்.

“யாரைக் கேட்டுப் போன?”

“உண்மையச் சொன்னா உனக்கு நல்லதுன்னுதான்டா...”

“எனக்கு நல்லதா? உன் மனசு பாரம் தாங்காமப் போன. அதை என் தலையில இறக்கி வெச்சுட்டு வந்திருக்க.”

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். இரண்டு பேரில் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டம்மா ஜாடையாக விசாரித்தபோது அவர் சொன்னது ஒன்றுதான். “ரெண்டு கண்ணுல எந்தக் கண்ணைக் குத்திக்கச் சொல்றீங்க?”

சின்னவன் வேறு வேலை தேடினான். எந்த நேர்காணலிலும் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு வந்து நின்றது. ஊர் பெரியதுதான், ஆனால் அந்தத் தொழிலில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் குறைவு. ஒன்றும் சரிப்படாமல், வேறு ஊரில் ஒரு பார்சல் நிறுவனத்தில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போனான். அம்மாவுக்குத் தவறாமல் போன் செய்வான். அக்கா பக்கத்து அறையிலேயே இருப்பார். “அக்காகிட்ட குடுக்கவாப்பா?” என்று அம்மா கேட்பது அவர் காதில் விழும். பிறகு அம்மா வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அக்கா முதல் வேலையாகப் பெட்டிக்குள் இருந்த வரியை மாற்றினார். பாதுகாப்பான வடிவத்தை உள்ளே போட்டார், நகலெடு பொத்தானையே எடுத்துவிட்டார். பிறகு kuppai என்ற சொல்லைப் போட்டு இணையத்தில் தேடினார். வந்து குவிந்தது. யார் யாருடைய பக்கங்களிலோ, எந்தெந்த நிறுவனங்களின் கோடிலோ, யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ கொடுத்த பதிலிலோ அதே வரி, அதே பெயரோடு உட்கார்ந்திருந்தது. கீழே எழுதியிருந்த பத்தி ஓர் இடத்திலும் இல்லை.

ஒவ்வொருவருக்காக எழுத ஆரம்பித்தார். சாப்பாட்டு இடைவேளையில் நானும் உட்கார்ந்து சில பேருக்கு எழுதினேன். சிலர் நன்றி சொல்லி மாற்றினார்கள். பெரும்பாலானவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. ஒருவர் மட்டும், ‘இத்தனை வருஷமா நல்லாத்தானே ஓடுது, ஏன் கைவைக்கணும்?’ என்று எழுதியிருந்தார். அக்கா அதை இரண்டு முறை படித்தார். “எங்க வீட்டுலயும் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு” என்றார்.

அதற்குப் பிறகு அவர் புதிய குறிப்பு எதையும் எழுதவில்லை. ‘அடுத்தது எப்போ?’ என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நாளில் கேட்பதும் நின்றது. அலுவலகத்தில் பெயர் மட்டும் மாறவில்லை. புதிதாகச் சேருகிறவர்களும் அப்படியே கூப்பிட்டு, “ஒரு ரெண்டு வரி சொல்லுங்க, போட்டுக்கிறேன்” என்று வந்து நிற்பார்கள். அக்கா வரியைச் சொல்ல மாட்டார். எழுந்து அவர்கள் மேசைக்குப் போய், அவர்களே எழுதும்வரை பக்கத்தில் நின்று, எழுதியதற்கு அர்த்தம் கேட்பார். அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு அது பிடிக்காது. அக்காவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவர் காதிலும் விழுந்தது.

இந்த வருடம் அம்மாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சின்னவன் வந்தான். உடம்பு இறுகி, கை காய்த்துப்போயிருந்தான். அம்மாவைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டுபோனான், சொட்டு மருந்து விட்டான், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தான். அக்காவோடும் பேசினான். சாவி எங்கே, துண்டு எங்கே, மருத்துவர் எப்போது வரச் சொன்னார். விருந்தாளி பேசுகிற பேச்சு.

“சண்டையாவது போடுவான்னு பாத்தேன்,” என்றார் அக்கா, மறுபடி வேலைக்கு வந்த அன்று. “போடல. வேலையப் பத்தி நானும் கேக்கல, அவனும் கேக்கல. கிளம்பும்போது சாப்பாடு கட்டிக் குடுத்தேன்.”

“வாங்கிக்கிட்டானா?”

“வாங்கிக்கிட்டான். அம்மாவுக்கு மருந்து நேரத்துக்கு விடுங்கன்னு சொன்னான்.”

அவன் எப்போதும் அக்காவை நீ, வா, போ என்றுதான் பேசுவான். ‘விடுங்க’ என்று அவன் சொன்னதை அவர் மறுபடி ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போது ஒரு பேருந்து நிறுவனத்திலிருந்து போன் வந்தது. ஒரே இருக்கைக்கு இரண்டு சீட்டு அச்சாகிறதாம். பயணிகள் வண்டி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்களாம். அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இருவரும் கோடு முழுவதையும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தோம்.